இந்த முறை கட்டாயம் ரிசீவர்தான்!

"பேக்கர்ஸ் இந்த முறை முதல் சுற்றில் வைட் ரிசீவரைத்தான் எடுக்கும்."

அமெரிக்கக் கால்பந்தைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு இந்த வாக்கியம் மனப்பாடம். ஏப்ரல் பிறந்தால் போதும், கோட்டு சூட்டு அணிந்த நிபுணர்கள் தொலைக்காட்சியில் வரிசையாக அமர்ந்து இதையே ஓதுவார்கள். 2002இல் ஜேவன் வாக்கரை எடுத்த கிரீன் பே பேக்கர்ஸ், அதன்பின் 2003 முதல் 2024 வரை நடந்த 22 டிராஃப்ட்களில் ஒன்றில்கூட முதல் சுற்றில் ரிசீவரைத் தொடவில்லை. 2025 ஏப்ரலில் டிராஃப்ட் கிரீன் பே ஊரிலேயே நடந்தது. சுமார் ஒரு லட்சம் பேர் வாழும் அந்தச் சிற்றூரின் மேடையில், 23ஆவது தேர்வாக டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் மேத்யூ கோல்டனை பேக்கர்ஸ் எடுத்தது. அவர் வைட் ரிசீவர். அவ்வளவுதான், 'அப்போதே சொன்னோமே' என்று கிளம்பிவிட்டார்கள். ஒரே ஊசியை வருஷா வருஷம் குத்திவிட்டு, காய்ச்சல் தானாக இறங்கிய அன்று வைத்தியர் பட்டம் கேட்கிற அந்தத் துணிச்சலைத்தான் தாங்க முடியவில்லை.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு விளக்கம். பந்தை எறிபவர் குவாட்டர்பேக், அதை ஓடிப் பிடிப்பவர் வைட் ரிசீவர். என்.எஃப்.எல். டிராஃப்டில் ஐ.பி.எல். ஏலம் போலப் பணப்பெட்டியைத் திறந்துவைத்து யாரும் கூவுவதில்லை. 32 அணிகள் வரிசைப்படி கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும். மொத்தம் ஏழு சுற்று. போன பருவத்தில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு, கோப்பையை வென்ற அணிக்குக் கடைசி இடம். தன் இடத்தை இன்னோர் அணிக்கு மாற்றிக் கொடுக்கவும் செய்யலாம். யார் யாரை எடுப்பார்கள் என்று முன்கூட்டியே பட்டியல் போடுவதற்கு மாக் டிராஃப்ட் என்று பெயர். இதையே தொழிலாக்கிக்கொண்டவர்களில் மூத்தவர் மெல் கைப்பர். 1984 முதல் ஈ.எஸ்.பி.என். தொலைக்காட்சியில் இருக்கிறார்.

இனி அவர்களுடைய வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வாதம் 1: முதல் தேர்வை நாங்கள் சரியாகத்தானே சொல்கிறோம்?

ஆமாம். 2025இல் டென்னசி டைட்டன்ஸ் கேம் வார்டைத்தான் எடுக்கும் என்று ஊருக்கே தெரியும். ஊருக்கே தெரிந்ததைச் சொல்ல நிபுணர் எதற்கு?

வாதம் 2: அணியின் தேவையைப் பார்த்தால் தேர்வைச் சொல்லிவிடலாம்.

எல்லாப் பிழைக்கும் தாய் இதுதான். எந்த இடத்தில் ஆள் இல்லையோ அந்த இடத்துக்கு ஆள் எடுப்பார்கள் என்பது கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. பேக்கர்ஸ் அணியின் சரித்திரத்தின் மேல் இதை வைத்துப் பாருங்கள்.

2005இல் பேக்கர்ஸுக்கு பிரெட் ஃபாவ்ர் என்ற குவாட்டர்பேக் இருந்தார். அந்த இடத்தில் தேவை என்பதே கிடையாது. முதலாவதாகவே போகக்கூடும் என்று பேசப்பட்ட ஏரன் ராட்ஜர்ஸ் அன்று காத்திருப்பு அறையில் கேமராக்களுக்கு முன்னால் உட்கார்ந்தே இருந்தார். ஒவ்வொரு அணியும் அவரைத் தாண்டிப் போனது. 24ஆவது இடத்தில் பேக்கர்ஸ் எடுத்தது. மூன்று ஆண்டுகள் பெஞ்சில் இருந்துவிட்டு 2008இல்தான் அவர் முதன்மை ஆட்டக்காரரானார். அதன்பின் நடந்ததைச் சொல்லத் தேவையில்லை.

பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2020. முந்தைய பருவத்தில் 13 வெற்றி, 3 தோல்வி. இறுதிப் போட்டியான சூப்பர் பவுலுக்கு ஒரு படி கீழே வந்து நின்ற அணி. ராட்ஜர்ஸுக்கு வயது 36. 'ஒரு நல்ல ரிசீவர் மட்டும் கிடைத்தால் கோப்பை' என்பது நிபுணர்களின் ஏகமனதான தீர்ப்பு. அந்த ஆண்டு ரிசீவர்களுக்குப் பஞ்சமே இல்லை. முதல் சுற்றில் மட்டும் ஆறு பேர் போனார்கள். ஜஸ்டின் ஜெஃபர்சன் 22ஆவதாக மினசோட்டாவுக்கு, பிராண்டன் ஐயுக் 25ஆவதாக சான் பிரான்சிஸ்கோவுக்கு. பேக்கர்ஸின் இடம் 30. பொது மேலாளர் பிரையன் குட்டகுன்ஸ்ட் மியாமியிடம் ஒரு நான்காம் சுற்றுத் தேர்வைக் கூடுதலாகக் கொடுத்து 26ஆவது இடத்துக்கு ஏறினார். ஏறுவதைப் பார்த்தவர்கள், ரிசீவருக்காகத்தான் என்று நினைத்தார்கள். வந்த பெயர் ஜோர்டன் லவ். குவாட்டர்பேக்! அதோடு விடவில்லை. அந்த டிராஃப்டின் ஏழு சுற்றிலும் சேர்த்து பேக்கர்ஸ் ஒரே ஒரு ரிசீவரைக்கூட எடுக்கவில்லை.

அன்று இரவு கேட்ட கூச்சல் கொஞ்சநஞ்சமல்ல. 'புத்தி கெட்டுவிட்டது' என்ற தொனியில் மதிப்பெண் போட்டார்கள். அதற்கடுத்த இரண்டு பருவங்களிலும், 2020இலும் 2021இலும், அந்த "கைவிடப்பட்ட" ராட்ஜர்ஸ்தான் லீகின் மிகச் சிறந்த வீரர் விருதை வாங்கினார். 2023இல் அவர் நியூயார்க் ஜெட்ஸுக்குப் போனதும் லவ் களமிறங்கினார். முதல் பருவத்திலேயே அணியை பிளே ஆஃபுக்குக் கொண்டுபோய், டல்லாஸ் கவ்பாய்ஸை அவர்கள் மைதானத்திலேயே 48-32 என்று வென்றார். மதிப்பெண் போட்டவர்கள் யாரும் விடைத்தாளைத் திருத்தி அனுப்பியதாகத் தெரியவில்லை.

2022 இன்னும் ருசியானது. மார்ச் மாதம் டவான்டே ஆடம்ஸ் லாஸ் வேகஸ் ரெய்டர்ஸுக்குப் போய்விட்டார். இருந்த ஒரே நட்சத்திர ரிசீவரும் இல்லை; கையிலோ 22, 28 என இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகள். இதைவிடப் பச்சையான தேவை எந்த அணிக்காவது இருந்திருக்குமா? இரண்டில் ஒன்றாவது ரிசீவர் என்று எழுதாதவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அன்று இரவு 18ஆவது இடத்துக்குள் ஆறு ரிசீவர்கள் போய்விட்டார்கள். பேக்கர்ஸ் 22இல் குவே வாக்கரையும் 28இல் டெவான்டே வையாட்டையும் எடுத்தது. இருவரும் ஜார்ஜியா பல்கலைக்கழகம், இருவரும் தடுப்பாட்டக்காரர்கள். மறுநாள், இரண்டாம் சுற்றில் 34ஆவது இடத்துக்கு ஏறி கிறிஸ்டியன் வாட்சன் என்ற ரிசீவரை எடுத்தார்கள்.

இங்கேதான் நிபுணர்கள் காணத் தவறிய சங்கதி இருக்கிறது. காணத் தவறினார்கள் என்று சொல்வதுகூட மரியாதைக்குத்தான். கிரெக் ஜென்னிங்ஸ், 2006, 52ஆவது தேர்வு. ஜோர்டி நெல்சன், 2008, 36. ரேண்டல் காப், 2011, 64. டவான்டே ஆடம்ஸ், 2014, 53. எல்லோரும் ரிசீவர்கள், எல்லோரும் இரண்டாம் சுற்று. இதில் ரகசியம் எதுவும் இல்லை, அணியின் பதிவேட்டைப் புரட்டினால் போதும். ரிசீவரை இரண்டாம் சுற்றில் பிடித்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை அந்த அலுவலகத்தின் சுவரிலேயே ஊறிப்போயிருக்கிறது. முதல் சுற்றில் எடுக்கும் வீரருக்கு நான்கு ஆண்டு ஒப்பந்தம்; விரும்பினால் ஐந்தாம் ஆண்டும் வைத்துக்கொள்ளலாம். எனவே பொது மேலாளர் நாற்காலியில் இருப்பவர் மூன்றாம் ஆண்டில் யார் ஓய்வு பெறுவார், யாருக்குச் சம்பளம் கட்டுப்படியாகாது என்று கணக்குப் போடுகிறார். நிபுணரோ வரும் செப்டம்பரின் முதல் ஆட்டத்தைத் தாண்டி யோசிப்பதில்லை. இருவரும் ஒரே பட்டியலைப் பார்ப்பதாக நினைப்பதுதான் பிசகு.

இன்னொன்று. 2008இலும் 2017இலும் பேக்கர்ஸ் முதல் சுற்றில் யாரையுமே எடுக்கவில்லை. இடத்தை விற்றுவிட்டுக் கீழே இறங்கிவிட்டது. அந்த இரண்டு ஏப்ரலிலும் பேக்கர்ஸின் பெயருக்கு நேரே ஒரு வீரரின் பெயரை எழுதி வைத்த அத்தனை பட்டியலுக்கும் மதிப்பு பூஜ்யம்.

வாதம் 3: எங்களுக்கு உள்ளேயிருந்து தகவல் வருகிறது.

வருகிறது, ஆனால் யாரிடமிருந்து? ஏப்ரல் மாதத்தில் வாய் திறப்பவர்கள் இரண்டே வகை. ஒருவர் தன் வீரரின் விலையை ஏற்ற நினைக்கும் முகவர். மற்றவர் தான் விரும்பும் வீரரைப் பிறர் கண்ணிலிருந்து மறைக்க நினைக்கும் அணி அதிகாரி. இருவருக்கும் உண்மையைச் சொல்வதால் ஒரு காசு லாபமில்லை. உண்மையில் முடிவைத் தீர்மானிக்கும் விஷயங்களோ வெளியே வருவதில்லை. இண்டியானாபொலிஸில் நடக்கும் உடற்தகுதி முகாமில் அணிகளின் மருத்துவர்கள் வீரர்களின் முழங்காலையும் தோளையும் திருகிப் பார்த்து எழுதும் குறிப்பு எந்த நிபுணரின் மேசைக்கும் அதிகாரப்பூர்வமாக வராது. மூடிய அறையில் பயிற்சியாளர் கேட்ட கேள்விக்குப் பையன் திணறினானா என்பதும் வராது.

2023இல் வில் லெவிஸ் என்ற குவாட்டர்பேக் முதல் பத்துக்குள் போவார் என்று பலர் எழுதினார்கள். கன்சாஸ் சிட்டியில் காத்திருப்பு அறைக்கு அழைக்கப்பட்ட அவர் முதல் இரவு முழுக்கப் பெயர் வராமல் எழுந்து போனார். மறுநாள் 33ஆவதாகத்தான் அவரை எடுத்தார்கள். 2025இல் முன்னாள் நட்சத்திர வீரர் டியான் சாண்டர்ஸின் மகன் ஷெடூர் சாண்டர்ஸின் கதை அதற்கும் மேல். கைப்பர் தன் பட்டியலில் அவரை மிக உயரத்தில் வைத்திருந்தார். முதல் சுற்று போனது, இரண்டாம் சுற்று போனது, மூன்றாம் சுற்றில் கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் டில்லன் கேப்ரியல் என்ற வேறொரு குவாட்டர்பேக்கை எடுத்தது. ஷெடூரை அதே பிரவுன்ஸ் 144ஆவதாக, ஐந்தாம் சுற்றில் எடுத்தது. உள்தகவல் இருந்தும் இந்த லட்சணம் என்றால், இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இதேதான் ஆகியிருக்கும்.

வாதம் 4: முதல் சுற்றில் போனவர்களில் பெரும்பாலான பெயர்கள் எங்கள் பட்டியலில் இருந்தனவே!

இது பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு முன்னால் கடைகளில் தொங்கும் 'முக்கிய வினாக்கள்' புத்தகக்காரரின் பெருமை. முந்நூறு கேள்வி போட்டால் முப்பது வரத்தான் செய்யும். கேள்வி இங்கே 'யார் முதல் சுற்றில் போவார்' என்பதல்ல. 'பேக்கர்ஸ் யாரை எடுக்கும்' என்பது. நல்ல அணி 26ஆவதாக எடுக்கிறது என்றால், அதற்கு முன்னால் 25 முடிவுகள் நடந்தாக வேண்டும். அதில் ஒன்று பிசகினாலும் மிச்சப் பட்டியல் சரிந்துவிடும். போதாததற்கு ஜனவரியில் ஒரு பட்டியல், மார்ச்சில் ஒன்று, டிராஃப்ட் அன்று காலையில் கடைசியாக ஒன்று. எது பலித்ததோ அதைக் காட்டுவார்கள். மற்றவற்றைத் தேடாதீர்கள்.

வாதம் 5: தப்பு அணிகளுடையது, எங்களுடையதல்ல.

1994 கதையை இதற்காகத்தான் எடுத்து வீசுவார்கள். அந்த ஆண்டு இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் ஐந்தாவதாக டிரெண்ட் டில்ஃபரை எடுக்காமல் டிரெவ் ஆல்பர்ட்ஸை எடுத்தது. கைப்பர் அதை நேரலையில் கிழித்தார். யார் இந்த கைப்பர் என்று கோல்ட்ஸின் அதிகாரி பில் டோபின் கொதித்தார். ஆல்பர்ட்ஸ் காயங்களால் மூன்றே பருவத்தில் ஓய்ந்துவிட்டார் என்பது உண்மைதான். ஆனால் 'எடுக்க வேண்டியவர் யார்' என்பது அறிவுரை, 'எடுக்கப் போகிறவர் யார்' என்பது ஆரூடம். அறிவுரையில் வென்றதைக் காட்டி ஆரூடத்துக்கு மாலை கேட்கக் கூடாது. அறிவுரையிலாவது தேறினார்களா என்றால், 2010இல் ஜிம்மி கிளாசன் என்ற குவாட்டர்பேக் ஜெயிக்காவிட்டால் தொழிலையே விடுகிறேன் என்று சபதம் போட்டவரும் இதே கைப்பர்தான். கிளாசன் அந்தப் பருவத்தில் கரோலினாவுக்காகத் தொடக்க ஆட்டக்காரராகக் களமிறங்கிய 10 ஆட்டங்களில் 9இல் தோற்றார். கைப்பர் இன்னும் அதே நாற்காலியில்தான் இருக்கிறார்.

வாதம் 6: இது வெறும் பொழுதுபோக்கு.

நல்லது, அப்படியே விளம்பரப்படுத்துங்கள். "நிபுணர்" என்ற பட்டையைக் கழற்றிவிடுங்கள்.

கோல்டன் விஷயத்துக்கு வருவோம். 22 ஆண்டு வழக்கத்தை ஓர் அணி ஒருநாள் மாற்றிக்கொண்டது. அதை முன்னறிவிப்பின் வெற்றி என்று யாராவது சொன்னால், முந்தைய ஏப்ரல்களில் அவர் எழுதியதை ஒருமுறை எடுத்துப் படித்துவிட்டு நம்புங்கள்.

நிபுணர்களுக்கும் ஒரு தகவல் உண்டு. 2025 ஆகஸ்டில் டல்லாஸ் கவ்பாய்ஸின் மைக்கா பார்சன்ஸை வாங்குவதற்காக, கென்னி கிளார்க்கோடு 2026, 2027 ஆகிய இரண்டு ஆண்டுகளின் முதல் சுற்றுத் தேர்வுகளையும் பேக்கர்ஸ் டல்லாஸுக்குக் கொடுத்துவிட்டது. 2026 டிராஃப்டை எட்டு மாதம் முன்னதாக முடித்து, அந்த முதல் சுற்றில் பேக்கர்ஸ் எடுத்தவர், எதிரணி குவாட்டர்பேக்கைத் துரத்தும் ஓர் எட்ஜ் ரஷர். அந்தப் பெயர் எந்த மாக் டிராஃப்டிலும் இல்லை.