பூட்டின் வரைபடம் யாரிடம்?



ஆவடி என்றதும் 1955 நினைவுக்கு வரும். சோஷலிச பாணிச் சமுதாயம் அமைப்போம் என்று காங்கிரஸ் மாநாடு தீர்மானம் போட்டது அவ்வூரில்தான். பத்தாண்டு கழித்து, 1965இல், ஆவடி கனரக ஊர்தித் தொழிற்சாலையிலிருந்து விஜயந்தா டாங்கி வெளிவந்தது. வடிவம் பிரிட்டனின் விக்கர்ஸ் கம்பெனியுடையது. இரவல்தான், ஆயினும் பிரித்துப் பார்த்துப் படிக்கத்தக்க இரவல்! நம் தொழிலாளியின் கண் அதைக் கண்டது. கை அதைக் கற்றது.

இன்றோ எந்திரத்தின் மூளை நகத்தளவுச் சில்லில் குடியேறிவிட்டது. அச்சில்லுகளில் எஃப்.பி.ஜி.ஏ. என்பது ஒருவகை. ஆலையில் செய்து முடித்த பின்னரும், அதன் உள்ளிணைப்புகளை வேண்டியவாறு மாற்றி அமைக்கலாம். மின்சாரம் பாய்ந்ததும் கட்டளைக் கோப்பொன்றைப் படித்து, அதன்படி தன்னை உருவாக்கிக் கொள்ளும். ராடாரிலும் ஆலை எந்திரத்திலும் பணிபுரிவது இதுவே. அக்கோப்பினை மாற்றுபவன் எவனோ, அவனே எந்திரத்தின் எஜமானன்! ஆகவே கோப்பைச் சங்கேத மொழியாக்கி, அதைத் திறக்கும் சாவியைச் சில்லுக்குள்ளேயே பூட்டுகின்றனர்.

அப்பூட்டின் உறுதி எத்தகையது? 2020இல் ஜெர்மனியின் போஹும் பல்கலைக் கழகத்தாரும் மாக்ஸ் பிளாங்க் ஆய்வாளரும் அம்பலமாக்கினர். அமெரிக்க சைலிங்க்ஸ் கம்பெனியின் 7 வரிசைச் சில்லுகளில், சாவியைத் திருடாமலே, சில்லையே ஏவிச் சங்கேதத்தை அவிழ்க்கச் செய்யலாம் எனக் காட்டினர். ‘ஸ்டார்பிளீட்’ என்று அதற்குப் பெயர். குறை சிலிக்கனிலேயே பதிந்தது. ஒட்டுப் போட இயலாது. சில்லைத்தான் மாற்ற வேண்டும். பிந்திய தலைமுறைச் சில்லுகளில் அக்குறை இல்லை என்பர். இருக்கலாம். ஆனால், உள்ளே பார்த்தறியும் உரிமை வாங்கியவனுக்கு உண்டா? இல்லை!

மாற்றுவழி நம் சென்னையிலேயே இருக்கிறது. ஐ.ஐ.டி. ஆக்கிய ‘சக்தி’ செயலியின் வரைபடம் எவரும் படிக்கத் திறந்து கிடக்கிறது. 2018இல் மொகாலி அரசுக் கூடத்தில், 180 நானோமீட்டர் அளவில், அது சில்லாக வார்க்கப்பட்டது. 2025இல் இஸ்ரோவுடன் கூடி ‘ஐரிஸ்’ என்ற சில்லும் பிறந்தது. ஆயினும் சக்தியை ஏற்றிச் சோதிக்கும் பலகையில் வீற்றிருப்பது எது? அதே 7 வரிசையின் ஆர்ட்டிக்ஸ் சில்லு! வீடு நமது; வாசற்பூட்டு அந்நியனது!

“பூட்டின் அமைப்பை ஊரறியச் செய்தால் திருடனும் அறிவானே” என்பர் சிலர். நல்ல பூட்டுக்குச் சாவி ஒன்றே ரகசியம். அமைப்பை ஆயிரம் பேர் ஆராய்ந்தால் ஓட்டை விரைவில் தெரியும். “இறக்குமதி மலிவு” என்பர் வேறு சிலர். மாற்ற முடியாத ஓட்டைக்கு நாளை தரும் விலையையும் சேர்த்தன்றோ கணக்குப் பார்க்க வேண்டும்!

ஆவடித் தொழிற்சாலையை 2021இல் கம்பெனியாக்கினார்கள். பெயர்ப்பலகையை மாற்றியவர்கள் வரைபடத்தைக் கேட்டார்களா? அரசு வாங்கும் சில்லுகள் ஆய்வுக்குத் திறந்தவையாக வேண்டும். மொகாலிக் கூடம் பொதுத்துறையிலேயே நின்று வளர வேண்டும். அம்பத்தூர்த் தொழிற்பேட்டைப் பட்டறைகளின் இளைஞருக்கு இக்கலை, கடைசல் வேலையைப் போல், கற்பிக்கப்பட வேண்டும்.

தோழர்களே, ஆலைவாயிற் கூட்டங்களில் இக்கேள்வியை எழுப்புங்கள்: உழைப்பவன் கையில் எந்திரம் இருக்க, அதன் பூட்டின் வரைபடம் மட்டும் கடல் கடந்து கிடப்பதோ?