அக்கியும் மூன்று நாள்களும்



உடலின் ஒரு பக்கத்தில் தீப்பட்டாற்போல் எரிச்சல். ஓரிரு நாள்களில் சிவந்த தடிப்பு. அதன்மேல் கொத்துக் கொத்தாய் நீர்க் கொப்புளங்கள். இதனை நாம் அக்கி என்கிறோம். அக்கினி என்னும் சொல்லே அக்கியெனத் திரிந்தது. இத்தாலிய மக்களோ இந்நோயைப் புனித அந்தோணியாரின் நெருப்பு என்பர். பதுவை நகரத்தாரை அன்று, வனத்து அந்தோணியாரையே அப்பெயர் குறிக்கின்றது. மொழி வேறாயினும் வேதனை ஒன்றே.

அக்கி கண்டோர் நம் சிற்றூர்களில் முதலில் நாடுவது மட்பாண்டம் வனையும் குயவரை. அவர் செங்காவியைக் குழைத்துக் கொப்புளங்களின்மீது எழுதுவார். சிங்க உருவம் தீட்டுவதும் உண்டு. தொப்பூர்க் கணவாயைச் சூழ்ந்த நம் ஊர்களும் இதற்கு விலக்கல்ல. "எழுதியபின் ஆறிவிடுகின்றதே, சாமி" என்பர். எழுதாவிடினும் இரண்டு முதல் நான்கு வாரங்களில் கொப்புளங்கள் பொருக்குத் தட்டி உதிரும் என்பதை அவர்கள் அறியார். அன்போடு செய்யும் உதவியை இகழ்வது நம் நோக்கமன்று. ஆயினும் புண்ணில் அழுக்குச் சேர்ந்தால் சீழ் பிடிக்கும். அதனினும் பெருங்கேடு காலதாமதமே.

இந்நோயின் மூலம் யாது? சிறுவயதில் சின்னம்மை தந்த வைரஸ் கிருமி நம்மைவிட்டு நீங்குவதில்லை. நரம்பு வேர்களில் பல்லாண்டு உறங்கிக் கிடக்கின்றது. முதுமையாலோ நோயாலோ உடலின் எதிர்ப்பாற்றல் குன்றும்போது விழித்தெழுந்து, ஒரு நரம்பின் வழியே தோலை அடைகின்றது. இங்கிலாந்தின் சிரென்செஸ்டர் என்னும் சிறு நகரில் பணியாற்றிய குடும்ப மருத்துவர் ஹோப்-சிம்ப்சன், தம் நோயாளிகளைப் பல்லாண்டு கவனித்து, 1965-இல் இக்கருத்தை விளக்கினார். ஒவ்வொரு நரம்பும் உடலின் ஒரு பாதிக்கே உரியது. ஆகவே அக்கி பெரும்பாலும் ஒரு பக்கத்தோடு நின்றுவிடும். இடுப்பைச் சுற்றி இரு முனையும் கூடினால் உயிர் போகும் என்னும் அச்சத்திற்கு ஆதாரமில்லை.

அசைக்ளோவிர் போன்ற மருந்துகள் இக்கிருமி பெருகுவதைத் தடுக்கின்றன. தடிப்புத் தோன்றிய 72 மணி நேரத்துள் தொடங்கினால் நற்பயன் தரும். அந்த மூன்று நாள்களையே நாம் காவியிலும் பத்தியத்திலும் கழித்துவிடுகிறோம்! புண் ஆறியபின்னும் நரம்பு வலி மாதக்கணக்கில், சிலர்க்கு ஆண்டுக்கணக்கில் நீடித்து உறக்கத்தைப் பறிப்பதுண்டு. நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கண்ணருகிலோ அக்கி கண்டால் அன்றே தருமபுரிக்கோ சேலத்திற்கோ சென்று கண் மருத்துவரைக் காணுங்கள். தாமதித்தால் பார்வையே பறிபோகலாம்.

கொப்புளங்களைக் கிள்ளாது, தூய்மையாய்க் கழுவி, உலர்த்தி, தளர்ந்த பருத்தித் துணியால் மூடுங்கள். அவற்றின் நீர் பட்டால், சின்னம்மை காணாதவர்க்குச் சின்னம்மை வரக்கூடும். ஆகவே பொருக்குத் தட்டும்வரை அத்தகைய கருவுற்ற பெண்களையும் பச்சிளங் குழந்தைகளையும் நெருங்காதிருங்கள். 50 வயது கடந்தோர்க்கு இரு தவணைத் தடுப்பூசி 2023 முதல் நம் நாட்டிலும் கிடைக்கின்றது. விலை மிகுதியே, இயன்றவர் மருத்துவரைக் கேட்டறிக.

இளவயதினர்க்கு அக்கி கண்டால் மருத்துவர் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யச் சொல்வதுண்டு. உடனே ஊர் புறம்பேசத் தொடங்கும். அதிலும் நெடுஞ்சாலை ஊரில் லாரி ஓட்டுநரின் இல்லம் என்றால் கேட்க வேண்டியதில்லை. அக்கி கண்டோரெல்லாம் அந்நோயுடையோர் அல்லர். அந்நோய் இருப்பினும், அதனைக் கட்டுப்படுத்தும் மருந்தை அரசு மருத்துவமனைகள் இலவசமாய் வழங்குகின்றன. பழிச்சொல்லுக்கு அஞ்சி ஒளிந்திருப்பவரையே நோய் வெல்கின்றது.

உடலெல்லாம் புண்ணாய்ச் சாம்பலில் அமர்ந்திருந்த யோபுவிடம், இது உன் பாவத்தின் பலன் என்று வாதிட்டனர் அவர் நண்பர்கள். இறுதியில் கடவுளின் சினத்துக்கு ஆளானவர் யோபு அல்லர், அந்நண்பர்களே. மருத்துவரை மதிக்குமாறு சீராக்கின் நூலும் நமக்குக் கற்பிக்கின்றது. செபமும் வேண்டும், மருந்தும் வேண்டும். அடுத்த வீட்டில் யாருக்கேனும் அக்கி எனக் கேள்விப்பட்டால், காரணம் ஆராயாதீர்கள். அன்றே பேருந்தேற்றி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அதுவே பிறரன்பு.