கடிப்பது காலணி; பழி நமக்கா?

"செருப்புக்காகக் காலை வெட்டுவதா?" என்று நம் முன்னோர் கேட்டார்கள். காலுக்காகத்தான் செருப்பு, செருப்புக்காகக் கால் அன்று. சொல்வதற்கு எளிதான இவ்வுண்மையைக் கடைப்பிடிப்போர் மிகச் சிலரே. மலைநடைப் பயணத்திற்காகப் பெண் பிள்ளைக்குப் பூட்ஸ் வாங்கும் வீடுகளில் இதைக் கண்கூடாகக் காணலாம்.

முதுகில் பை சுமந்து மலைப்பாதையில் நடந்து வருவது, இன்று நம் போன்ற மாணவியருக்கும் எட்டக்கூடிய செயலாகிவிட்டது. தமிழ்நாடு அரசின் வனத்துறை 2024 அக்டோபரில் 40 மலைநடைப் பாதைகளை முறைப்படி திறந்துவிட்டது. சாரணியர் முகாம்களிலும் மலைநடை உண்டு. ஆனால் அங்கே நடப்பது என்ன? பாதி வழியில் ஒரு பையன் நொண்டினால், "பாவம், பூட்ஸ் கடித்துவிட்டது" என்பார்கள். அதே வழியில் ஒரு பெண் நொண்டினால், "பெண் பிள்ளைகளுக்கு மலை எதற்கு?" என்பார்கள். அடுத்த முறை பயணப் பட்டியலில் அவள் பெயர் இராது. கடித்தது காலணி, பழியோ காலுக்கு! இது நீதியா, தோழியரே?

1975-ஆம் ஆண்டு மே 16-ஆம் நாள் ஜப்பானிய வீராங்கனை ஜுன்கோ தாபெய் எவரெஸ்ட் சிகரத்தில் ஏறிய முதல் பெண்மணி ஆனார். 1984 மே 23-இல் நம் நாட்டுப் பச்சேந்திரி பால் அதே சிகரத்தைத் தொட்டார். அவர்களுடைய கால்களும் பெண்களின் கால்களே. ஆகவே மலை ஏறுவதற்குத் தடை நம் கால்களில் இல்லை. தடை பெரும்பாலும் நாம் அணியும் காலணியிலும், அதை வாங்கும் முறையிலும், வாங்கும் நாளிலும் இருக்கிறது என்பதே எங்கள் கருத்து.

காலணிக்கு இவ்வளவு முக்கியம் தர வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். 1935-இல் இத்தாலிய மலையேற்ற வீரர் விட்டாலே பிரமானி, ஆல்ப்ஸ் மலையில் தம் தோழர்கள் ஆறு பேரைப் பறிகொடுத்தார். கடுங்குளிருக்கும் பனிக்கும் ஏற்ற காலணி அவர்களுக்கு இல்லாததும் அந்த இழப்புக்கு ஒரு காரணம். அக்காலத்தில் மலைப் பூட்ஸின் அடியில் இரும்பு ஆணிகளை அடித்திருப்பார்கள். பாறையில் ஏறுவதற்கு மெல்லிய அடி கொண்ட வேறு காலணி அணிவார்கள். எல்லா நிலத்துக்கும் ஏற்ற ஓர் அடிப்பாகம் வேண்டும் என்று பிரமானி முனைந்தார். பிரெல்லி நிறுவனத்தின் துணையோடு ஆழமான பற்கள் கொண்ட ரப்பர் அடியை உருவாக்கி, 1937-இல் காப்புரிமை பெற்றார். அவர் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்ததே 'விப்ரம்' என்னும் பெயர். 1954-இல் கே-2 சிகரத்தை முதன்முதலில் வென்ற இத்தாலியர் அணிந்திருந்ததும் அத்தகைய அடிதான். இன்று எந்த மலைப் பூட்ஸைப் புரட்டிப் பார்த்தாலும் அந்தப் பற்களின் சாயலைக் காணலாம்.

"மலைவாழ் மக்கள் வெறுங்காலுடன் நடக்கவில்லையா?" என்பது அடுத்த கேள்வி. உண்மைதான். கொடைக்கானல் மலைச்சரிவில் உள்ள வெள்ளகவி கிராமத்தில், ஊர் மண்ணைப் புனிதமாகக் கருதி மக்கள் ஊருக்குள் செருப்பு அணிவதில்லை. ஆனால் அவர்கள் பாதம் பிறந்தது முதல் அந்தக் கல்லிலும் வேரிலும் பழகிய பாதம். நம் பாதமோ சிமெண்டுத் தரையிலும் பேருந்துப் படியிலும் வளர்ந்தது. அவர்கள் காலைப் பழக்கினார்கள். நாம் காலணியையாவது பழக்க வேண்டாமா?

இனி, தேர்ந்தெடுக்கும் முறைக்கு வருவோம்.

முதலாவதாக, எல்லாப் பயணத்துக்கும் கனத்த பூட்ஸ் தேவையில்லை. காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பும் நல்ல பாதைக்கு, அடி தேயாத விளையாட்டுக் காலணியே போதும். காலில் கூடும் ஒரு கிலோ, முதுகில் கூடும் ஐந்து கிலோ அளவுக்குக் களைப்பைத் தரும் என்பது நடைப்பயணிகளின் கணக்கு. ஆனால் இரண்டு மூன்று நாளுக்கான பொருள்களைச் சுமந்து, கல்லும் சேறும் நிறைந்த வழியில் நடப்பவளுக்குக் கணுக்காலை மூடும் உறுதியான பூட்ஸ் வேண்டும்.

இரண்டாவதாக, மாலையில் கடைக்குச் செல்லுங்கள். பகலெல்லாம் நின்றும் நடந்தும் மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும். மலையிலும் அப்படித்தான் வீங்கும். பயணத்தில் அணியப்போகும் காலுறையையே அணிந்து போட்டுப் பாருங்கள். இரண்டு பாதங்களும் ஒரே அளவாக இருப்பதில்லை. பெரிய பாதத்துக்கே பூட்ஸ் வாங்க வேண்டும்.

மூன்றாவதாக, நாடாவைக் கட்டாமல் காலை முன்னே தள்ளி நில்லுங்கள். குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். பிறகு நாடாவை இறுக்கிக் கட்டி நடந்து பாருங்கள். குதிகால் மேலே எழும்பக் கூடாது. படியிலோ சரிவிலோ இறங்கும்போது விரல் நுனி முன்னே இடிக்கக் கூடாது. கடையில் சற்றே இடிக்கும் விரல், மலை இறங்கும்போது நகம் கறுத்துப் போகும் அளவுக்கு இடிபடும்.

நான்காவதாக, பூட்ஸைக் கையால் வளைத்துப் பாருங்கள். கால்விரல்கள் மடங்கும் இடத்தில்தான் அது வளைய வேண்டும். நடுவில் மடிந்தால் வேண்டாம். அதன் நாக்கு இருபுறமும் தைத்து மூடப்பட்டிருந்தால் தண்ணீரும் பொடிக்கல்லும் எளிதில் உள்ளே புகா. அட்டைக்கும் ஒரு வாயில் அடையும்.

இங்கே பெண்களுக்கென்றே ஒரு செய்தி உண்டு. பெண்ணின் பாதம் ஆணின் பாதத்தைச் சிறிதாக்கியது அன்று. பெண்களுக்குப் பொதுவாக முன்பாதத்தை நோக்கக் குதிகால் குறுகலாக இருக்கும். எனவே ஆண்களின் பூட்ஸில் சிறிய அளவை எடுத்து அணிந்தால், முன்னே சரியாக இருந்தாலும் பின்னே குதிகால் வழுக்கும். வழுக்கினால் உரசும், உரசினால் கொப்புளம்தான். "அண்ணன் போட்டது இருக்கிறதே" என்று பரணிலிருந்து எடுத்துத் தருவதிலும் இந்த ஆபத்து உண்டு. ஆண்டுக்கணக்கில் கிடந்த பூட்ஸில் இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. அடிப்பாகத்தின் உள்ளே மெத்தைபோல் வைக்கும் பாலியூரித்தேன் என்னும் பொருள், ஈரக்காற்றில் நாளாக ஆக உளுத்துப்போகும். வெளியே பளபளக்கும் பூட்ஸ், நடுக்காட்டில் அடி கழன்று கையில் வரும்.

அன்புள்ள பெற்றோரே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். "வளர்கிற பிள்ளை, ஒரு அளவு பெரிதாக வாங்கு" என்ற சொல்லைப் பாவாடை சட்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பெரிய சட்டை தொளதொளக்கும், அவ்வளவுதான். பெரிய பூட்ஸ் காலைப் புண்ணாக்கும். மலிவும் அன்று இது. நல்ல தோல் பூட்ஸ் பல குடும்பங்களுக்குப் பெருஞ்செலவு என்பதை நாங்கள் அறிவோம். இயலாவிட்டால் கடன் வாங்கி வாங்க வேண்டாம். இருக்கும் காலணிக்கு ஏற்றபடி பாதையைச் சுருக்கலாம், சுமையைக் குறைக்கலாம். கால் வளர்ந்து நின்ற பிறகு ஒருமுறை நன்றாக வாங்கினால், பல ஆண்டுகள் உழைக்கும். ஆம்பூரும் வாணியம்பாடியும் இராணிப்பேட்டையும் தோலுக்கும் காலணிக்கும் பேர்போன ஊர்கள். அயல்நாட்டார் கால்களுக்கும் காலணி செய்தனுப்பும் நாட்டில், நம் வீட்டுப் பெண்ணின் கால் அளவை ஒருமுறை பொறுமையாக எடுக்க நேரமில்லையா?

வாங்கிவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை, பாதிதான் முடிந்தது. புதிய தோல் முரடானது. அது நம் பாதத்தின் மேடு பள்ளங்களை அறிந்து இளக நாள் பிடிக்கும். முதல் வாரம் வீட்டிற்குள் தினம் ஒரு மணி நேரம் அணிந்திருங்கள். இரண்டாம் வாரம் கடைக்கும் கோயிலுக்கும் அணிந்து செல்லுங்கள். மூன்றாம் வாரம் மாடிப்படி ஏறி இறங்குங்கள். அதன்பின் முதுகில் சிறு பையோடும், கடைசி இரு வாரங்களில் முழுச் சுமையோடும் நடங்கள். எங்கேனும் சுருக்கென்று உறைத்தால் அன்றைக்கு அதோடு கழற்றிவிட வேண்டும். ஓர் இரவில் பழக்கிவிடலாம் என்று தண்ணீரில் ஊறவைப்பதும் அடுப்பருகே காய வைப்பதும் வீண். சூட்டில் தோல் வெடிக்கும், பசை விடும். நனைந்த பூட்ஸுக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்துவதே முறை.

மலையிலும் விழிப்பு வேண்டும். பருத்திக் காலுறை ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஈரத்தோல் விரைவில் கொப்புளிக்கும். கம்பளி நூல் அல்லது செயற்கை நூல் காலுறை நல்லது. நகங்களை நேராக வெட்டிச் செல்லுங்கள். குதிகாலில் சூடு தெரிந்த மறுகணமே நின்று, காலுறையைக் கழற்றிப் பிளாஸ்திரி ஒட்டுங்கள். "எல்லோரையும் நிறுத்த வேண்டுமே" என்ற கூச்சத்தால் பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பதுதான் நம்மிடம் உள்ள பெருங்குறை. ஐந்து நிமிடம் நிற்கக் கூசியவள், பின்னர் ஐந்து மணி நேரம் எல்லோரையும் காக்க வைப்பாள்!

மலை என்றதும் பெற்றோர் அஞ்சுவது இயற்கையே. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் எழுந்த காட்டுத்தீ, மலைநடைக்குச் சென்ற பலரின் உயிரைக் குடித்தது. அவர்களுள் பெண்கள் பலர். அனுமதி, பருவம், வழிகாட்டி ஆகியவற்றில் அணுவளவும் விட்டுக்கொடுக்கலாகாது என்று அந்நாள் எல்லோருக்கும் கற்பித்தது. அவற்றைப் பெரியோர்கள் பார்த்துக்கொள்ளட்டும். காலணியைப் பழக்குவதோ நம் ஒவ்வொருத்தியின் பொறுப்பு. அதை அம்மாவும் செய்து தர முடியாது, சிஸ்டரும் செய்து தர முடியாது.

மதிப்பிற்குரிய அருட்சகோதரியரிடமும் ஆசிரியைகளிடமும் நாங்கள் கேட்பது இரண்டே. பயண நாளை இரண்டு மாதங்களுக்கு முன்பே அறிவியுங்கள். முதல் நாள் மாலை கடைக்கு ஓடும் வழக்கம் தானே ஒழியும். புறப்படுவதற்கு முந்தைய வாரங்களில் சனிக்கிழமைதோறும் பையும் பூட்ஸுமாக மைதானத்தைச் சுற்றி எங்களை நடக்க விடுங்கள். கடிக்கும் காலணி எது என்பது மைதானத்திலேயே தெரிந்துவிடட்டும். மலையில் தெரிய வேண்டாம்.

தோழியரே, அழகைப் பார்த்தும் நிறத்தைப் பார்த்தும் பூட்ஸ் வாங்காதீர்கள். உங்கள் பாதத்தைப் பார்த்து வாங்குங்கள், பொறுமையாகப் பழக்குங்கள். பிறகு தலை நிமிர்ந்து நடங்கள். "பெண்ணுக்கு மலை எதற்கு?" என்று கேட்போருக்குச் சொல்லால் விடை கூற வேண்டியதில்லை. நொண்டாமல் இறங்கி வரும் நம் கால்களே விடை கூறும்.