அண்டை வீட்டுத் தீ

கூரை வீடுகள் நெருங்கி நிற்கும் தெருவில் ஒரு வீட்டில் தீப்பற்றிக் கொண்டால், அவ்வீட்டார் முதலிற் செய்வது யாது? உரக்கக் கூவி ஊரை அழைப்பதே. அக்குரல் கேட்டவுடன் அண்டை அயலார் குடமும் கையுமாய் ஓடி வருவர். சிலர் தண்ணீர் இறைப்பர். சிலர் தம் கூரைமேல் ஏறி ஈரச் சாக்கைப் பரப்புவர். அவ்வாறன்றி, தம் வீட்டில் தீப்பற்றியதைப் பிறர் அறிந்தால் இழிவு என்றெண்ணி, கதவை அடைத்துக்கொண்டு தாமே அணைக்க முயல்வாராயின், அவர் வீட்டோடு தெரு முழுவதும் சாம்பலாகும். தெருவைக் காப்பது தண்ணீர் மட்டுமன்று. காலத்தில் எழுந்த குரலுமாகும்.

இன்றைய உலகம் அத்தகைய ஒரு தெருவாகிவிட்டது. வங்கியின் கணக்கும், மருத்துவமனையின் நோயாளர் பதிவும், மின்நிலையத்தின் விசையும், துறைமுகத்தின் சரக்குப் பட்டியும் இன்று கணினிகளிலேயே அடங்கியிருக்கின்றன. அக்கணினிகளை இணையம் ஒன்றோடொன்று பிணைத்திருக்கிறது. இப்பிணைப்பினால் விளையும் நன்மை பெரிது, தீமையும் சிறிதன்று. 2017-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் நாள் ‘வான்னாகிரை’ என்னும் தீய நிரல் ஒன்று இணையத்தில் பரவத் தொடங்கிற்று. அது புகுந்த கணினிகளிலுள்ள கோப்புகளைப் பூட்டி, அவற்றைத் திறப்பதற்குப் பணம் கேட்டது. சில நாள்களுக்குள் 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் அதன் கேடு பரவிற்று. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் பல நோயாளிகளைத் திருப்பியனுப்ப நேர்ந்தது. அந்நிரல் புகுந்த ஓட்டையை அடைப்பதற்குரிய திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் இரண்டு திங்களுக்கு முன்னரே வெளியிட்டிருந்தது. அதனை ஏற்றுக்கொள்ளாதிருந்த கணினிகளே பெரிதும் அகப்பட்டன. எல்லைக் கல்லும் சுங்கச் சாவடியும் இத்தகைய பகையைத் தடுப்பதில்லை.

தன் வாயிற்கதவைப் பூட்டுதல் ஒவ்வொரு நிறுவனத்தின் கடமை. ஆயினும், தெரு முழுவதையும் நோக்கி நின்று, ஓரிடத்துத் தீயை மற்றோர் இடத்தார்க்கு உடனே உணர்த்துதல் தனியொரு நிறுவனத்தால் ஆகக்கூடியதன்று. வாணிகப் போட்டியில் ஈடுபட்டோர் தம் குறையைப் பிறர்க்கு வெளியிடத் தயங்குவர். ஆதலின், ஒருவர் பக்கமும் சாராமல் அனைவர் நலனையும் நாடும் பொது அமைப்பு ஒன்று இன்றியமையாததாகிறது. இவ்வுண்மையை உணர்ந்து செயலாற்றிய நாடுகளுள் சிங்கப்பூர் ஒன்று. அந்நாடு 2015-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில், பிரதமர் அலுவலகத்தின்கீழ் இணையப் பாதுகாப்பு அமைப்பை நிறுவிற்று.

அவ்வமைப்புத் தோன்றிய மூன்றாண்டுகளில் அந்நாட்டிற்குப் பெருஞ்சோதனை ஒன்று வந்தது. ‘சிங்ஹெல்த்’ என்பது சிங்கப்பூரில் பல மருத்துவமனைகளை நடத்தும் பொது நிறுவனம். அதன் கணினிகளுள் 2017-ஆம் ஆண்டிலேயே புகுந்த பகைவர், பல திங்கள் ஓசையின்றிப் பதுங்கியிருந்தனர். பின்பு, 2018-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் நாள் முதல் ஜூலை 4-ஆம் நாள் வரை ஏறத்தாழ 15 இலட்சம் நோயாளிகளின் பெயர், முகவரி, பிறந்த நாள் முதலிய விவரங்களைக் கவர்ந்தனர். அவர்களுள் ஏறத்தாழ 1,60,000 பேருக்கு அளிக்கப்பட்ட மருந்துகளின் குறிப்பும் களவாடப்பட்டது. அந்நாளில் பிரதமராயிருந்த லீ சியன் லூங்கின் மருந்துக் குறிப்பைப் பகைவர் குறிவைத்துப் பன்முறை தேடினர். நாட்டின் முதல்வர்க்கும் எளிய நோயாளிக்கும் காவல் ஒன்றே. அது தளர்ந்தால் இருவர்க்கும் இழப்பு ஒன்றே என்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று.

இந்நிகழ்ச்சியில் கருதத்தக்க செய்தி மற்றொன்றும் உண்டு. களவு தொடங்குமுன்னரே, ஜூன் மாத நடுவில், சில அறிகுறிகள் பணியாளர் கண்ணிற்பட்டன. முறையற்ற வகையில் உட்புக எவரோ முயல்வதை அவர்கள் கண்டனர். ஜூலை 4-ஆம் நாள், தரவுக் களஞ்சியத்தைக் காத்துவந்த அலுவலர் ஒருவர் ஐயத்திற்கிடமான தேடல்களைக் கண்டு அவற்றைத் தடுத்து நிறுத்தினார். விழிப்புடைய ஒருவரால் களவு அங்கே நின்றது. ஆயினும், இணையப் பாதுகாப்பு அமைப்பிற்கு அச்செய்தி எட்டியது ஜூலை 10-ஆம் நாளில்தான். கண்டவர் இருந்தனர், காலத்திற் கூவியவர் இல்லை. அரசு அமைத்த விசாரணைக் குழு, பொறுப்பான பதவியிலிருந்த சிலர் தக்க காலத்தில் தக்கது செய்யத் தவறினர் என்று கண்டது. பகைவர் திறமை மிக்கவரேயாயினும், அவர் பெற்ற வெற்றி தவிர்க்க முடியாததன்று என்பதும் அக்குழுவின் முடிவாகும்.

எனவே, இணையக் காவலில் முதற்பகை ஓட்டையுள்ள கணினி அன்று. குறையை மறைக்கும் மனமே. மறைப்பதற்குக் காரணம் பெரும்பாலும் வஞ்சகம் அன்று, அச்சமே. ‘என்மேல் பழி வருமோ? என் ஐயம் பொய்யானால் பிறர் நகைப்பரோ?’ என்னும் அச்சம் நாவைக் கட்டுகிறது. ஒரு பொது அமைப்பு வாங்கும் கருவிகளைக் காட்டிலும், அது நாட்டில் வளர்க்கும் நம்பிக்கையே பெரிது. முன்வந்து சொன்னவர்க்கு உதவி கிடைக்கும் என்றும், மறைத்தவரே வினவப்படுவர் என்றும் மக்கள் அறிதல் வேண்டும். சிங்கப்பூர் அரசு 2018 ஜூலை 20-ஆம் நாள் அக்களவை மக்களுக்கு வெளிப்படையாக அறிவித்தது. விசாரணைக் குழுவின் அறிக்கையும் 16 பரிந்துரைகளுடன் 2019 ஜனவரியில் வெளியிடப்பட்டது. தன் காயத்தைத் தானே திறந்து காட்டிய அச்செயல், குறையைச் சொல்லுதல் இழிவன்று என்பதை மக்களுக்கு எடுத்துக்காட்டிற்று.

2018-ஆம் ஆண்டில் அந்நாடு இயற்றிய இணையப் பாதுகாப்புச் சட்டம் இக்கடமைக்கு உறுதி அளித்தது. மின்சாரம், குடிநீர், மருத்துவம், வங்கி, போக்குவரத்து முதலிய இன்றியமையாத பணிகளுக்குரிய கணினிகளை உடையோர், தாக்குதல் நேர்ந்தால் அவ்வமைப்பிற்கு அறிவித்தே ஆதல் வேண்டும் என்பது அச்சட்டத்தின் விதிகளுள் ஒன்று. இத்தகைய அதிகாரம் மக்களின் தனி வாழ்வில் தலையிடுவதற்கு வழியாகாதோ எனச் சிலர் ஐயுறுவர். அவ்வையம் நியாயமானதே. ஊர்க் காவலன் தெருவைச் சுற்றிவருதல் வேண்டும். வீட்டினுள் நடக்கும் பேச்சை ஒட்டுக் கேட்டல் ஆகாது. ஆதலின், அதிகாரத்திற்குச் சட்டத்தினால் எல்லை வகுப்பதும், அமைப்பின் செயலைப் பிறர் ஆராய இடமளிப்பதும் காவலுக்குத் தடையாகா. அவையே காவலுக்கு அரணாவன.

இனி, தன் நாட்டைக் காக்க அமைந்த ஒன்று அண்டை நாடுகளுக்கும் உழைத்தல் வேண்டுமோ என்னும் வினா எழும். சிங்கப்பூர், தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பாகிய ஆசியானில் ஓர் உறுப்பு நாடு. அக்கூட்டமைப்பில் செல்வம் மிக்க நாடுகளும் உண்டு. தேர்ந்த பொறியாளர் போதிய அளவில் இல்லாத நாடுகளும் உண்டு. 2016-ஆம் ஆண்டில் சிங்கப்பூர் ஒரு கோடி வெள்ளி ஒதுக்கி, ஆசியான் நாடுகளின் அலுவலர்க்குப் பயிற்சியளிக்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. பின்னர், ஐந்தாண்டுகளுக்கு மூன்று கோடி வெள்ளி செலவில் ஆசியான்–சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு உயர்மையம் ஒன்றையும் அமைத்தது. சட்டம் இயற்றுவோரும், தாக்குதலை எதிர்கொள்ளும் பொறியாளரும் அங்கே ஒருங்கு பயில்கின்றனர். மேலும், 2006-ஆம் ஆண்டு முதல் ஆண்டுதோறும் ஆசியான் நாடுகளின் அவசரக் கணினிக் குழுக்கள் கூட்டு ஒத்திகை நடத்தி வருகின்றன.

‘தன் மக்கள் பணத்தைப் பிறர்க்குச் செலவிடுவது முறையோ?’ என்று வினவுவோர் தெருவில் எரியும் தீயை நினைத்துப் பார்த்தல் வேண்டும். காவலற்ற கணினியைக் கைப்பற்றும் பகைவர், அதையே படிக்கட்டாகக் கொண்டு அடுத்த நாட்டிற்குள் ஏறுவர். எளிய அண்டை வீட்டின் கூரைக்கு ஈரச் சாக்குக் கொடுப்பவன், தன் வீட்டையும் காத்துக்கொள்கிறான். இஃது ஈகை மட்டுமன்று, அறிவுடைமையும் ஆகும். ஒத்திகையில் ஒருவரையொருவர் கண்டு பழகியவர், ஆபத்து வேளையில் தயக்கமின்றித் தொலைபேசியை எடுப்பர். முன்பின் அறியாதவரிடம் தன் வீட்டுக் குறையைச் சொல்ல எவர்க்கும் மனம் வாராது அன்றோ?

இம்முயற்சிக்கு எல்லையும் உண்டு. ஒரு நாட்டின் அமைப்பு மற்றொரு நாட்டிற்கு ஆணையிட இயலாது. இணையவெளியில் நாடுகள் நடந்துகொள்ள வேண்டிய முறை பற்றி ஐக்கிய நாடுகள் அவையில் உருவான 11 நெறிகளை, ஆசியான் நாடுகள் 2018-ஆம் ஆண்டில் கொள்கையளவில் ஏற்றுக்கொண்டன. இன்றியமையாத பணிகளுக்குரிய கணினிகளைத் தாக்கலாகாது என்பது அந்நெறிகளுள் ஒன்று. அவை கட்டளைகள் அல்ல. மனமொப்பி ஏற்ற உறுதிகளே. ஏற்றதைக் காக்கும் பொறுப்பு ஒவ்வொரு நாட்டையும் சார்ந்தது. ஆயினும், ஆணையால் ஆகாததைப் பயிற்சியும் பழக்கமும் நம்பிக்கையும் மெல்ல மெல்ல ஆக்கும்.

நாட்டிற்குப் பொருந்தும் இவ்வறம் வீட்டிற்கும் பள்ளிக்கும் பொருந்தும். அறியாத ஒருவர் அனுப்பிய இணைப்பைத் திறந்துவிட்ட மாணவன், அச்சத்தால் அதனை மறைப்பானாயின், அவன் வீட்டாரின் கணக்கும் நண்பரின் விவரமும் பிறர் கைக்குப் போகக்கூடும். உடனே பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ கூறுவானாயின், கடவுச்சொல்லை மாற்றவும் கேட்டைத் தடுக்கவும் காலம் கிடைக்கும். அவ்வாறு கூறுபவனைக் கடிந்து வாயடைக்காமல், அவன் சொல்வதைச் செவிசாய்த்துக் கேட்பது பெரியோர் கடமை. பிழை செய்தல் மனித இயல்பு. அதனைக் காலத்திற் சொல்லுதல் குடிமகனின் கடன். தீயைக் கண்டு கூவும் குரலும், அக்குரலுக்கு ஓடிவரும் கால்களும் உள்ள தெரு அழிவதில்லை.