மொழி தெரியாமல் வந்தவர்

பத்தாம் வகுப்பு மாணவி, ஆய்க்குடி

புனித சவேரியார் என்றதும் நம் நினைவுக்கு வருவது என்ன? கோவாவில் பாதுகாக்கப்பட்டுவரும் அவருடைய திருவுடல். கடலில் விழுந்த சிலுவையை நண்டு கவ்விக் கொண்டுவந்து கொடுத்த கதை. நோயாளிகள் எழுந்து நடந்த புதுமைகள். ஆண்டுதோறும் டிசம்பர் 3 வந்தால் பிரசங்கத்திலும் ஞானோபதேச வகுப்பிலும் இவற்றையே கேட்கிறோம். நண்டுக் கதையைச் சிறுவயதில் நானும் வாய் பிளந்து கேட்டவள்தான். ஆனால் அவர் நம் முத்துக்குளித்துறையில் இருந்த நாட்களில் காலையில் எழுந்து என்ன செய்தார், எந்த மொழியில் பேசினார், எப்போது மனம் சோர்ந்தார் என்று யாராவது கேட்டால் நம்மில் எத்தனை பேருக்குப் பதில் சொல்ல முடியும்? புதுமைகளை விட அந்த அன்றாட வாழ்க்கையே பெரிது என்பது என் கருத்து.

இதை நான் சும்மா வாதத்திற்காகச் சொல்லவில்லை. எங்கள் தெருவில் வளர்ந்த அக்கா ஒருவர் கன்னியர் சபையில் சேர்ந்து, வார்த்தைப்பாடு கொடுத்து, சென்ற ஆண்டு ஆப்பிரிக்காவில் தான்சானியா நாட்டுக்கு அனுப்பப்பட்டார். வயது இருபத்தாறு. புறப்படுவதற்கு முந்திய நாள் உறவினர் எல்லாரும் கூடியிருந்தார்கள். அவருடைய பெரியம்மா மட்டும் சமாதானம் ஆகவே இல்லை. "அந்த ஊரு பாஷை இவளுக்குத் தெரியுமாக்கும்? ஊமை மாதிரி போயி நிக்கப் போறாளா? இங்க இல்லாத ஏழைகளா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அக்காவின் அம்மா ஒன்றும் பேசவில்லை. நார்த்தங்காய் ஊறுகாய்ப் பொட்டலத்தை மூன்றாம் முறையாகப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெரியம்மாவின் கேள்வி நியாயமான கேள்வி என்றே நான் நினைக்கிறேன். அதற்குப் பதிலைத்தான் சவேரியாரிடம் தேடினேன்.

தோழியரே, சவேரியாரின் கதையைக் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். 1506 ஏப்ரல் 7-ல் ஸ்பெயின் நாட்டு நவார்ராவில் ஒரு கோட்டை வீட்டில் பிறந்தவர். பாரிஸ் பல்கலைக்கழகத்தில் படித்து, அங்கேயே தத்துவம் கற்பித்தவர். 1541-ல் தம் முப்பத்தைந்தாம் பிறந்த நாளன்று லிஸ்பன் துறைமுகத்தில் கப்பல் ஏறி, வழியில் மொசாம்பிக்கில் பல மாதம் தங்கி, நோயாளிகளுக்குப் பணிவிடை செய்து, 1542 மே 6-ல் கோவா வந்து சேர்ந்தார். பதின்மூன்று மாதப் பயணம்! (அந்த மொசாம்பிக், எங்கள் அக்கா போயிருக்கும் தான்சானியாவுக்குப் பக்கத்து நாடு. அவர் வந்த வழியில் இவர் திரும்பிப் போயிருக்கிறார்.) அந்த ஆண்டின் பிற்பகுதியில், கோவாவில் படித்த நம் நாட்டு இளைஞர் மூவரோடு முத்துக்குளித்துறைக்கு வந்தார். மணப்பாடு, ஆலந்தலை, வீரபாண்டியன்பட்டினம், புன்னைக்காயல், தூத்துக்குடி என்று கடலோர ஊர்கள் எல்லாவற்றிலும் அவர் காலடி பட்டது. இவை எங்கோ தொலைவில் உள்ள ஊர்கள் அல்ல. தென்காசியில் பஸ் ஏறி, திருநெல்வேலி, திருச்செந்தூர் வழியாக மணப்பாட்டுக்கு ஒரே நாளில் போய்த் திரும்பிவிடலாம்.

பரதவ மக்கள் அவர் வருவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே திருமுழுக்குப் பெற்றிருந்தார்கள். ஆனால் செபம் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. வந்த போதகருக்கோ தமிழ் தெரியாது. தம் தாய்மொழி பாஸ்க், இவர்கள் மொழி வேறு என்று அவரே எழுதுகிறார். தமிழும் போர்த்துக்கீசியமும் ஓரளவு தெரிந்தவர்களைக் கூட்டி உட்கார வைத்து, சிலுவை அடையாளம், விசுவாச மந்திரம், பத்துக் கட்டளை, பரலோக மந்திரம், மங்கள வார்த்தை மந்திரம் ஆகியவற்றை மொழிபெயர்க்கச் செய்து, அவற்றை மனப்பாடம் பண்ணினார். ஆம், பாரிசில் தத்துவம் நடத்திய ஆசிரியர் நாம் மனப்பாடச் செய்யுள் படிப்பதைப் போல உட்கார்ந்து உருப்போட்டார். பிறகு கையில் ஒரு மணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக அடித்துக்கொண்டு போய்ப் பிள்ளைகளைக் கூட்டி, நாளுக்கு இரண்டு முறை கற்றுக்கொடுத்தார்.

அந்தத் தமிழ் எப்படி இருந்தது தெரியுமா? பின்னால் வந்து தமிழை முறையாகக் கற்ற என்றிக்கே அடிகளார் அதைத் திருத்த வேண்டியதாயிற்று. "விசுவசிக்கிறேன்" என்று இருக்க வேண்டிய இடத்தில் "வேண்டும்" என்ற பொருளில் சொல் விழுந்திருந்ததாம். திருப்பலியைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல் நம்மவர் காதில் "மீசை" என்று கேட்டதாம். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நூலகத்தில் சத்தமாகச் சிரித்து சிஸ்டரிடம் திட்டும் வாங்கினேன். ஆனால் சிரித்து முடித்த பிறகு யோசித்தேன். "மீசை" என்று சொல்லிக் கொடுத்தவரைத்தான் அந்த மக்கள் தங்கள் தகப்பனாக நினைத்தார்கள். தவறான சொல்லின் வழியாகவும் எது போய்ச் சேர வேண்டுமோ அது போய்ச் சேர்ந்திருக்கிறது.

1544 ஆகஸ்டில் புன்னைக்காயலில் இருந்து அவர் தம் தோழர் மன்சிலாசுக்கு எழுதிய கடிதம் ஒன்று உண்டு. மொழிபெயர்த்துச் சொல்பவன் நோயுற்று மணப்பாட்டில் கிடக்கிறான். இவர் தனியே இருக்கிறார். தாம் சொல்வது இவர்களுக்கு விளங்கவில்லை, இவர்கள் சொல்வது தமக்கு விளங்கவில்லை என்று எழுதிவிட்டு, ஆனாலும் பிறந்த குழந்தைகளுக்குத் திருமுழுக்குக் கொடுக்க மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை, ஏழைகளும் தங்கள் தேவையை மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே தெரிவித்துவிடுகிறார்கள் என்கிறார். பெரியம்மாவுக்குப் பதில் இதுதான். ஊமை மாதிரி நிற்கப் போகிறாளா என்றால், ஆம், கொஞ்ச நாள் அப்படித்தான் நிற்க வேண்டியிருக்கும். சவேரியாரும் நின்றார்.

அக்கா இப்போது ஞாயிறு மாலைகளில் அம்மாவிடம் வாட்சப்பில் பேசுகிறார். அவர் வேலை செய்வது சின்னப் பிள்ளைகளின் பள்ளியில். அங்கே பேச்சு சுவாகிலி மொழி. இவர் ஒரு சொல்லைத் தவறாகச் சொன்னால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து சரியாகச் சொல்லிக் கத்துவார்களாம். தண்ணீர் எடுக்கப் போவது, சமைப்பது, பிள்ளைகளுக்குக் கை கழுவி விடுவது, மாலையில் செபமாலை, இரவில் விளக்கு வைத்து இலக்கணம் படிப்பது. "பெரிசா ஒண்ணும் செய்யலம்மா" என்று அவர் சொன்னதைக் கேட்டு அவருடைய அம்மாவுக்கு வருத்தம். எனக்கோ அதைக் கேட்டதும் மணி அடித்துக்கொண்டு போன சவேரியார்தான் நினைவுக்கு வந்தார்.

நம் வயதுடையவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சவேரியார் தனியாக அந்த வேலையைச் செய்யவில்லை. 1544 ஜனவரியில் கொச்சியில் இருந்து ரோமைக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் அவரே சொல்கிறார்: நோயாளிகளைப் பார்க்க வரச் சொல்லி அழைப்பவர்கள் அதிகம், எல்லா வீட்டுக்கும் போக முடியவில்லை, எனவே செபம் தெரிந்த பிள்ளைகளைச் செபமாலையோடு அனுப்பினேன் என்று. பிள்ளைகள் போய், வீட்டாரையும் அக்கம்பக்கத்தாரையும் கூட்டி, விசுவாச மந்திரம் சொல்லி, நோயாளிக்காக மன்றாடினார்கள். தாய் தகப்பனுக்கும் அவர்களே செபம் கற்றுக்கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகளின் பெயர் ஒன்றுகூட நமக்குத் தெரியாது. அவர்களுக்குத் திருநாள் இல்லை, சுரூபம் இல்லை. ஆனால் முத்துக்குளித்துறையின் முதல் மறைபோதகர்களில் பத்து வயதுப் பிள்ளைகளும் உண்டு என்று நான் துணிந்து சொல்வேன்.

அதே கடிதத்தில் எனக்குப் பிடிக்காத பகுதியும் உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. அந்தப் பிள்ளைகள் பிற சமயத்தாரின் சிலைகளை உடைத்ததை அவர் மகிழ்ச்சியோடு எழுதுகிறார். எங்கள் ஆய்க்குடியில் பாலசுப்பிரமணிய சுவாமி கோயில் இருக்கிறது. அந்தக் கோயில் பிரசாதத்தைத் தரும் வீட்டாரும், எங்கள் கிறிஸ்துமஸ் பலகாரத்தை வாங்கிக்கொள்ளும் வீட்டாரும் ஒரே வீட்டார்தான். பிற சமயங்களில் உள்ள உண்மையையும் தூய்மையையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல் தெளிவாகக் கூறிவிட்டது. புனிதரும் தம் காலத்து மனிதர்தான். அவரிடம் எதைக் கற்பது, எதை விடுவது என்று பார்க்கும் கண் நமக்கு வேண்டும்.

1544 ஜூன் மாதம். வடுகப் படையினர் குமரி முனைப் பக்கத்து ஊர்களைக் கொள்ளையிட, மக்கள் கடலுக்குள் இருக்கும் பாறைகளில் ஏறி ஒளிந்துகொண்டார்கள். பசியாலும் தாகத்தாலும் பலர் இறந்தார்கள். செய்தி கேட்டதும் சவேரியார் மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளில் உணவுப் பொருள் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். ஆனால் எதிர்க்காற்று. துடுப்பு போட்டும் கயிறு கட்டி இழுத்தும் தோணிகள் நகரவில்லை. திரும்பி வர நேர்ந்தது. ஆனி மாதத்துத் தென்மேற்குக் காற்று எப்படி இருக்கும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. குற்றாலத்தில் சாரலைக் கொண்டுவந்து தருவது அதே காற்றுதான். நாம் அருவியில் நனைந்து மகிழும் மாதத்தில், கடலில் ஒரு மனிதர் அந்தக் காற்றோடு மல்லுக்கட்டித் தோற்றிருக்கிறார். தோற்ற பிறகு வீட்டில் உட்காரவில்லை. கால்நடையாகவே குமரி முனை வரை போய், துயருற்ற மக்களைப் பார்த்து, அவர்களுக்கு வேண்டிய உதவிக்கு வழி செய்துவிட்டு வந்தார். கடல் பிளந்து வழி விட்டது என்று யாராவது கதை கட்டியிருந்தால் நமக்கு அது நன்றாக நினைவில் இருந்திருக்கும். நடந்து போனார் என்பதுதான் மறந்துபோகிறது.

அவருக்கு அலுப்பே வரவில்லையா? வந்தது. போர்த்துக்கீசியரில் சிலர் இந்த ஏழை மக்களுக்குச் செய்த கொடுமைகளைக் கண்டு, இங்கே இருப்பதைவிட அபிசீனியா பக்கம் போய்விடலாமா என்று எழுதும் அளவுக்கு மனம் நொந்திருந்தார். ஆனால் உடனே போய்விடவில்லை. மன்சிலாசுக்கு எழுதும் கடிதங்களிலெல்லாம், மக்களிடம் பொறுமையாக இரு, அன்பாக இரு என்ற வேண்டுகோளே மீண்டும் மீண்டும் வருகிறது. பிறருக்கு எழுதியது போலத் தோன்றினாலும், தமக்கே சொல்லிக்கொண்டது போலவும் எனக்குப் படுகிறது.

இன்னொரு சுவையான செய்தி. முத்துக்குளித்துறையிலிருந்து போர்த்துக்கல் நாட்டு அரசியின் பாதரட்சைச் செலவுக்கென்று ஆண்டுதோறும் ஒரு தொகை போய்க்கொண்டிருந்தது. அதைச் செபம் சொல்லிக்கொடுக்கும் கணக்கப்பிள்ளைகளின் சம்பளத்துக்குத் தரும்படி கேட்டு வாங்கினார் சவேரியார். அரசியின் செருப்புக் காசில் நம் ஊர் உபதேசியார்கள் சம்பளம் பெற்றார்கள்!

அவர் நம்மிடையே இருந்தது ஏறக்குறைய இரண்டே ஆண்டுகள். அதன் பின் மலாக்கா, மொலுக்கா, ஜப்பான் என்று போய், 1552 டிசம்பர் 3-ல் சீனக் கரைக்கு எதிரே சான்சியன் தீவில் நாற்பத்தாறு வயதில் இறந்தார். அவர் விட்ட இடத்தைப் பிடித்தவர்களைப் பற்றி நாம் இன்னும் குறைவாகவே பேசுகிறோம். இத்தாலி நாட்டு அந்தோனி கிரிமினாலி அடிகளார் தமிழை எழுதவும் படிக்கவும் கற்றவர். 1549-ல் இராமேசுவரத்துக்கு அருகே வேதாளையில் படையெடுப்பு நேர்ந்தபோது, தோணி ஏறித் தப்பாமல் கரையிலே மக்களோடு நின்று கொல்லப்பட்டார். வயது இருபத்தொன்பது. என்றிக்கே அடிகளாரோ 1600-ல் இறக்கும் வரை ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இங்கேயே இருந்தார். 1578-ல் கொல்லத்தில் அச்சான "தம்பிரான் வணக்கம்" அவருடைய உழைப்பு. இந்திய மொழி எழுத்துகளில் முதன்முதலாக அச்சேறிய நூல் என்ற பெருமை அந்தத் தமிழ் நூலுக்கு உண்டு. "மீசை"யில் தொடங்கிய தமிழ் முப்பத்தாறு ஆண்டுகளில் அச்சுப் புத்தகம் ஆகிவிட்டது. அக்காவின் சுவாகிலியைப் பற்றி யாரும் இப்போதே தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

"இங்க இல்லாத ஏழைகளா?" என்ற பெரியம்மாவின் இன்னொரு கேள்வி பாக்கி இருக்கிறது. அது சவேரியாரின் வீட்டாரும் கேட்டிருக்கக்கூடிய கேள்வி. அன்று நவார்ராவில் ஏழைகள் இல்லையா? அவர் அங்கேயே இருந்திருந்தால் நம் கடற்கரையில் அந்த மணி ஒலித்திருக்காது. வாங்கியவர்களாக மட்டும் நாம் இருந்த காலம் போய், கொடுப்பவர்களாக ஆகியிருக்கிறோம். தமிழ்நாட்டிலிருந்து குருக்களும் கன்னியரும் ஆப்பிரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகிறார்கள். இது நமக்கு வருத்தம் தருவதா, பெருமை தருவதா? இரண்டுமே தரட்டும். ஊறுகாய்ப் பொட்டலம் கட்டிய அம்மாவிடம் போய் அழாதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.

எல்லாரும் கப்பல் ஏற வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. லிசியே நகரத்துக் குழந்தை தெரேசம்மாள் கார்மேல் மடத்துக்குள் நுழைந்தபோது வயது பதினைந்து, அதாவது என் வயது. இருபத்துநான்கு வயதில் இறக்கும் வரை மடத்தை விட்டு வெளியே வரவில்லை. வியட்நாமில் உள்ள ஹனோய் மடத்துக்குப் போக ஆசைப்பட்டார், நோய் விடவில்லை. சீனாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் போன இளம் போதகர்கள் இருவருக்குக் கடிதம் எழுதி, அவர்களுக்காகச் செபித்தார். 1927-ல் பதினோராம் பத்திநாதர் பாப்பரசர் மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலர்களாக இருவரை ஒன்றாக வைத்தார்: ஓயாமல் நடந்த சவேரியார், மடத்தை விட்டு வராத தெரேசா.

நம் பள்ளியில் மறைபரப்பு ஞாயிறு வந்தால் வகுப்புக்கு வகுப்பு உண்டியல் வைத்து, எந்த வகுப்பு அதிகம் சேர்த்தது என்று போட்டி நடக்கிறது. போட்டி நடக்கட்டும். அதோடு என் யோசனை ஒன்றையும் தலைமைச் சகோதரி அவர்கள் முன் வைக்கிறேன். வரும் டிசம்பர் 3 அன்று காலை வணக்கக் கூட்டத்தில் நண்டுக் கதைக்குப் பதிலாக, மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் புன்னைக்காயலில் இருந்து அவர் எழுதிய அந்தக் கடிதத்தை வாசிக்கலாம். ஐந்து நிமிடம் போதும். வாசிக்க நான் தயார்.