ஸனது இல்லாத தியாகப் பட்டியல்

சென்ற சுதந்திர தினத்தன்று சேத்தியாத்தோப்பில் ஒரு விழா நடந்தது. கொடி ஏற்றி, மிட்டாய் வழங்கி, மாணவர் அணிவகுப்பும் முடிந்த பின்னர், உள்ளூர்ப் பெருமக்களைப் பாராட்டும் நிகழ்ச்சி தொடங்கிற்று. மேடையிலிருந்தவர்களுள் நானும் ஒருவன். ஏழெட்டுப் பேருக்குப் பொன்னாடை போர்த்தப்பட்டது. அதன்பின் நம் சமுதாயத்தைச் சேர்ந்த பேச்சாளர் ஒருவர் எழுந்தார். டில்லி இந்தியா கேட்டில் விடுதலைப் போராட்டத் தியாகிகள் 95,300 பேரின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருப்பதாகவும், அவற்றுள் 61,000-க்கும் மேற்பட்டவை முஸ்லிம்களின் பெயர்கள் என்றும் முழங்கினார். பந்தல் அதிரக் கைத்தட்டல் எழுந்தது. நானும் கைதட்டினேன். அச்செய்தி உண்மையன்று என அறிந்திருந்தும் கைதட்டினேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

மேடையைவிட்டு இறங்கும்போது பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் அருகில் வந்தான். "ஹஜ்ரத், அந்த அறுபத்தோராயிரம் பேரில் நம்ம பக்கத்து ஆளுங்க எத்தனை பேர்? அந்தப் பெயர்களை எங்கே பார்க்கலாம்?" என்று கேட்டான். பேச்சாளர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. சிறுவன் கேட்டான். "பிறகு சொல்கிறேன் தம்பி" என்று நழுவினேன். அந்தப் "பிறகு" இப்போதுதான் வந்திருக்கிறது.

உண்மை இதுதான். இந்தியா கேட் விடுதலைப் போராட்டத் தியாகிகளுக்காக எழுப்பப்பட்ட சின்னமே அன்று. 1921 பிப்ரவரியில் அதற்கு அடிக்கல் நாட்டியவர் ஆங்கில அரசகுலத்தவரான கன்னாட் கோமகன்; 1931 பிப்ரவரியில் திறந்துவைத்தவர் வைசிராய் இர்வின். 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரிலும், 1919-ஆம் ஆண்டு ஆப்கானியப் போரிலும் ஆங்கில அரசின் இந்தியப் படையில் சேர்ந்து உயிர்துறந்த போர்வீரர்களுக்காக அவ்வரசே கட்டிய நினைவுச் சின்னம் அது. அதில் பொறிக்கப்பட்டுள்ளவை 13,000-க்குச் சற்று மேற்பட்ட பெயர்களே. 95,300 என்னும் எண்ணும் அங்கில்லை. 61,000 என்னும் எண்ணும் அங்கில்லை. நாட்டு விடுதலைக்காகத் தூக்குமேடை ஏறியவர்களின் பெயர்களை வைசிராய் திறந்துவைத்த வளைவில் ஆங்கிலேயன் பொறித்துவைப்பானா என்று ஒரு கணம் எண்ணியிருந்தாலே போதும். அந்தப் பேச்சு நாவிலேயே நின்றிருக்கும்.

இதைவிட வேதனையான ஒன்றும் உண்டு. அச்சின்னம் நினைவுகூரும் படையினர் போரிட்ட களங்களுள் மெசபடோமியாவும் கல்லிப்போலியும் அடங்கும். அக்களங்களில் எதிரே நின்றது துருக்கிக் கலீபாவின் படையன்றோ? 1917 மார்ச்சில் பக்தாதை ஆங்கிலேயர் கைப்பற்றியபோது அவர்களுடைய படையில் நம் நாட்டுச் சிப்பாய்களும் இருந்தார்கள். வறுமையால் பட்டாளத்தில் சேர்ந்து அயல்மண்ணில் மடிந்த அந்த எளியவர்களை இழித்துரைப்பது என் நோக்கமன்று. ஆயினும் எண்ணிப் பாருங்கள். ஆங்கிலப் படையில் முஸ்லிம்கள் பணிபுரிவது ஹராம் என்று 1921 ஜூலையில் கராச்சி கிலாபத் மாநாடு தீர்மானம் இயற்றியது. அதற்காகவே மவ்லானா முஹம்மது அலீயும், ஷவ்கத் அலீயும், தேவ்பந்தின் மவ்லானா ஹுஸைன் அஹ்மது மதனீயும் அதே ஆண்டில் ஈராண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்கள். எந்தப் படையில் சேராதீர்கள் என்று சொல்லி நம் ஆலிம்கள் சிறை புகுந்தார்களோ, அந்தப் படையின் நினைவுச் சின்னத்தைக் காட்டி, "இவர்களே எங்கள் விடுதலை வீரர்கள்" என்று நாம் மார்தட்டுகிறோம்! மதனீ அவர்கள் கேட்டிருந்தால் என்ன எண்ணியிருப்பார்கள்?

இந்தத் தவற்றை உலகில் வேறு எந்தச் சமுதாயம் செய்தாலும் பொறுக்கலாம். நாம் செய்வதைப் பொறுக்கவியலாது. ஒரு செய்தியைக் கேட்டால் "யார் சொன்னது? அவருக்கு யார் சொன்னது? சொன்னவர் நினைவாற்றல் உடையவரா, நேர்மையானவரா, தமக்குச் சொன்னவரை நேரில் சந்தித்தவரா?" என்று துருவித் துருவிக் கேட்கும் ஒரு கலையையே வளர்த்துக் கொடுத்தவர்கள் நம் முன்னோர். அறிவிப்பாளர் தொடரான இஸ்னாதை மார்க்கத்தின் ஒரு பகுதியாகவே எண்ணினார் அப்துல்லாஹ் இப்னுல் முபாரக் (ரஹ்). ஆயிரக்கணக்கான ராவிகளின் வாழ்க்கையைத் துருவி ஆராய்ந்து, இன்னார் நம்பத்தக்கவர், இன்னார் மறதியுடையவர், இன்னார் பொய்யர் என்று முஹத்திஸ்கள் நூல் நூலாக எழுதிவைத்தார்கள். அந்நூல்களை மதரஸாவில் ஆண்டுக்கணக்கில் ஓதுகிறோம். ஓதிவிட்டு வெளியே வந்து, யார் எழுதியதென்றே தெரியாத ஒரு செய்தியைக் கைபேசியில் கண்டவுடன் மேடையில் முழங்குகிறோம்.

"நல்ல நோக்கத்திற்காகத்தானே சொல்கிறோம்? நம்மைத் தேசத்துரோகிகள் என்று தூற்றுகிறார்கள். நம் இளைஞர்கள் மனம் சோர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தெம்பூட்ட வேண்டாமா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். இதே வாதத்தை முன்பே ஒருவர் சொன்னார். அவர் பெயர் நூஹ் இப்னு அபீ மர்யம். மக்கள் குர்ஆன் ஓதுவதை விட்டுவிட்டு, அபூஹனீபாவின் சட்டத்திலும் இப்னு இஸ்ஹாக்கின் போர் வரலாற்றிலும் மூழ்கிக் கிடக்கிறார்களே என்று வருந்தி, ஒவ்வொரு சூராவின் சிறப்பைப் பற்றியும் ஹதீஸ்களைப் புனைந்தார். நோக்கம் நல்லதுதான். முஹத்திஸ்கள் அவரை மன்னித்தார்களா? மன்னிக்கவில்லை. புனைந்துரைப்போர் வரிசையில் அவர் பெயரை எழுதிவைத்தார்கள். மவ்ளூஃ என்னும் பாடம் நடக்கும் இடமெல்லாம் இன்றும் அவர் பெயர் எடுத்துக்காட்டாக நிற்கிறது. குர்ஆனின் சிறப்புக்காகப் புனைந்தவருக்கே அந்த நிலை என்றால், நம் சமுதாயத்தின் சிறப்புக்காகப் புனைபவருக்கு என்ன சலுகை இருக்கக்கூடும்?

இம்மைக் கணக்கில் பார்த்தாலும் இது நட்டமே. அந்த மாணவன் நாளை கல்லூரிக்குச் செல்வான். இந்தியா கேட் எது, எவருக்காக என்று படிப்பான். அன்றே மேடையில் கேட்ட மற்றவற்றையும் ஐயுறத் தொடங்குவான். வ.உ.சிதம்பரனாரின் சுதேசிக் கப்பல் கம்பெனிக்கு ஹாஜி முஹம்மது பக்கீர் சேட் 8,000 பங்குகள் வாங்கி இரண்டு லட்ச ரூபாய் கொடுத்தாரே, அந்த மெய்யான செய்தியையும் அவன் நம்பமாட்டான். கிலாபத் கிளர்ச்சியில் 1921 பிப்ரவரியில் கோழிக்கோட்டில் சிறைப்பட்டு, பின்னர் 1937-இல் ராஜாஜி அமைச்சரவையில் இடம்பெற்ற யாகூப் ஹசன் சேட்டையும் "இதுவும் அந்த அறுபத்தோராயிரத்தில் ஒன்றுதானோ?" என்று எண்ணுவான். கள்ள நாணயம் நல்ல நாணயத்தின் மதிப்பையும் சேர்த்தே கெடுக்கும் என்பதைக் கடைத்தெருவில் எந்த வணிகரும் சொல்வார்.

சரி, மேடையில் வேறு என்ன சொல்லியிருக்கலாம்? நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. சேத்தியாத்தோப்பு வீராணம் ஏரியை அடுத்த ஊர். அந்த வீராணத்து நீரைத் தீர்த்தாம்பாளையத்து மக்களுக்குக் கொண்டுசேர்க்கப் பாடுபட்டு ஒரு பெண்மணி வெட்டுவித்த வாய்க்கால் அஞ்சலை வாய்க்கால் என்றே பெயர் பெற்றது. 1890-இல் கடலூர் முதுநகரில் பிறந்த அஞ்சலையம்மாள் அவர். 1921-இல் ஒத்துழையாமை இயக்கத்தில் புகுந்தார்; கணவர் முருகப்பரும் உடன் நின்றார். 1927-இல் சென்னை மவுண்ட் ரோட்டிலிருந்த நீல் துரையின் சிலையை அகற்றும் போராட்டத்தில், ஒன்பது வயது மகள் அம்மாக்கண்ணுவையும் அழைத்துச் சென்றார். தாய், மகள் இருவருமே சிறை சென்றார்கள். பின்னர் காந்தியடிகள் அச்சிறுமிக்கு லீலாவதி எனப் பெயரிட்டுத் தம் ஆசிரமத்துக்கு அழைத்துச் சென்றார். மீண்டுமொரு முறை வேலூர்ச் சிறைக்குக் கருவுற்ற நிலையில் சென்ற அஞ்சலையம்மாள், மகப்பேற்றுக்காக வெளிவந்து, பிறந்த குழந்தையுடன் மறுபடி சிறை புகுந்தார். அந்த மகனை ஊரார் ஜெயில்வீரன் என்றே அழைத்தனர்.

நம்மவர்கள் பலர் இவ்வம்மையாரைப் பற்றிக் கேட்டதும், "நல்ல அம்மா, ஆனால் நம் பட்டியலில் வரமாட்டாரே" என்பார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். அந்த நீல் யார்? 1857-இல் சென்னைப் படைப்பிரிவுடன் வடக்கே சென்று, அலகாபாத்திலும் கான்பூரிலும் ஊர் ஊராக மக்களைத் தூக்கிலிட்டவன். அவ்வாண்டு ஜூனில் அலகாபாத்தில் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கி நின்றவர் மவ்லவி லியாகத் அலீ. அவரிடமிருந்து அந்நகரை மீட்டு, இரத்தத்தில் தோய்த்தவன் இந்த நீல்தான். மவ்லவி பின்னாளில் பிடிபட்டு அந்தமானுக்கு நாடுகடத்தப்பட்டார். எழுபது ஆண்டுகள் கழித்து, அந்த மவ்லவியின் பகைவனுடைய சிலை நம் தலைநகரில் நிற்பது பொறாமல், கடலூர் முதுநகரிலிருந்து ஒரு தாய் தன் சின்னஞ்சிறு மகளுடன் புறப்பட்டார். அச்சிலையை உடைக்கச் சென்ற தொண்டர்களுள் முஹம்மது சாலியா என்னும் முஸ்லிம் இளைஞரும் இருந்தார். இது யாருடைய பட்டியல்? பிரித்துக் காட்ட முடியுமா? கடைசியில் 1937-இல் யாகூப் ஹசன் இடம்பெற்றிருந்த அந்த அமைச்சரவையின் காலத்தில்தான் சிலை அகற்றப்பட்டு எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் சென்றது.

அஞ்சலையம்மாளைப் பற்றி இன்னொரு செய்தி உண்டு. 1934-இல் காந்தியடிகள் கடலூருக்கு வந்தபோது அவரை அம்மையார் சந்திக்கக்கூடாது என அரசு தடை விதித்ததாகவும், அம்மையார் முஸ்லிம் பெண்ணைப்போல் புர்கா அணிந்து குதிரை வண்டியில் வந்து சந்தித்ததாகவும், காந்தியடிகள் அவரைத் தென்னாட்டு ஜான்சி ராணி என்று பாராட்டியதாகவும் சொல்லப்படுகிறது. இச்செய்தி எனக்கு எவ்வளவு பிடித்தமானது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நம் வீட்டுப் பெண்ணின் ஆடை ஒரு வீராங்கனைக்குக் காவலாக நின்றது என்று மேடையில் கால்மணி நேரம் பேசலாம். ஆயினும் ஹதீஸ் கலையில் "இன்னார் கூறினார்" என்று உறுதியாகச் சொல்வது ஒரு தரம். "கூறப்படுகிறது" என்று தளர்த்திச் சொல்வது மற்றொரு தரம். உறுதிப்பட்டதை முதல் தரத்திலும், வாழ்க்கைக் குறிப்புகளில் வழிவழியாக வருவதை இரண்டாம் தரத்திலும் சொல்ல வேண்டும் என்று உஸ்தாதுமார் கற்பித்தார்கள். ஆகவே இதனை "சொல்லப்படுகிறது" என்றே எழுதினேன். பிறர் எண்ணிக்கைக்கு ஒரு தராசு, என் விருப்பத்துக்கு ஒரு தராசு என்று வைத்துக்கொள்ள இயலாதன்றோ!

சமயம் வேறான ஒருவரை நம் மேடையில் போற்றுவது தகுமா என்று சிலர் முணுமுணுப்பார்கள். முத்இம் இப்னு அதீயை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தாயிப் நகரில் கல்லடி பட்டுத் திரும்பிய அண்ணல் நபி (ஸல்) அவர்களுக்கு மக்காவில் அடைக்கலம் தந்தவர் அவர். ஈமான் கொள்ளாமலே இறந்தவர். பத்ருப் போரின் கைதிகளைப் பற்றிப் பேச்செழுந்தபோது, முத்இம் உயிருடன் இருந்து இவர்களுக்காகப் பரிந்து பேசியிருந்தால் இவர்களை விட்டுவிட்டிருப்பேன் என்ற கருத்தை நபியவர்கள் வெளியிட்டதாகப் புகாரீயில் காண்கிறோம். ஓர் உதவியாளரின் நினைவுக்கு, வென்ற களத்தில், இத்தனை பேரின் விடுதலையையே விலையாகக் கொடுக்க முன்வந்தார்கள். நாம் அஞ்சலையம்மாளுக்கு ஐந்து நிமிடப் பேச்சைக் கொடுக்கத் தயங்குகிறோம்.

பொன்னாடை பெற்றவர்களைப் பற்றியும் ஒரு சொல். அவர்கள் விழாவுக்கு நன்கொடை கொடுத்தவர்கள், குறை சொல்லவில்லை. ஆனால் "மண்ணின் வீரர்கள்" என்னும் பெயரில் நன்கொடையாளரை மேடையேற்றுவதும் ஒருவகைப் புனைவுதான். வெள்ளம் பெருகும் ஐப்பசி இரவுகளில் மதகைத் திறந்து மூடும் லஸ்கரை எவரும் மேடைக்கு அழைத்ததில்லை. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை கரையோர ஊர்களை வாரிக்கொண்டு போனபோது, பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் பாதிக்கப்பட்ட மீனவ மக்களுக்கு உணவும் உறைவிடமும் அளித்துப் பல நாள் காத்தார்கள். 2020-லும் 2021-லும் கொரோனா நோயால் இறந்தவர்களை உறவினரே தொட அஞ்சிய வேளையில், தமிழகத்தின் பல ஊர்களில் முஸ்லிம் இளைஞர்கள் அவரவர் சமய முறைப்படி எரியூட்டியும் அடக்கம் செய்தும் உதவினார்கள். இவற்றைக் கண்ணால் கண்டவர்கள் இன்றும் நம்மிடையே உயிரோடு இருக்கிறார்கள். இவற்றுக்கு ஸனது வாசலிலேயே நிற்கிறது. அதை விட்டுவிட்டு டில்லிக்கு ஓடுவானேன்?

மறைந்த தியாகிகளைப் பற்றியும் தேடினால் கிடைக்கும். விடுதலையின் வெள்ளிவிழாவான 1972-இல் நடுவண் அரசு தியாகிகளுக்குத் தாமிரப் பட்டயம் வழங்கிற்று. ஓய்வூதியத் திட்டமும் அவ்வாண்டில்தான் தொடங்கியது. அப்பட்டயங்கள் பல வீடுகளில் டிரங்குப் பெட்டியின் அடியில் பாசிபிடித்துக் கிடக்கும். எழும்பூரில் அரசு ஆவணக் காப்பகம் இருக்கிறது. 1918 நவம்பரில் புதுவையிலிருந்து வந்த பாரதியாரை அடைத்துவைத்த கடலூர்ச் சிறை நமக்கு மிக அருகில்தான் இருக்கிறது. இவற்றைத் தேட உழைப்பு வேண்டும். பேருந்துச் செலவும் ஆகும். அறுபத்தோராயிரம் என்று சொல்வதற்கு ஒரு மூச்சுக் காற்று போதும். அதனால்தான் அது இத்தனை மேடைகளில் ஒலிக்கிறது. எண்ணிக் கிடைப்பது மூன்றே பெயர்களாக இருந்தால் மூன்றையே சொல்வோம்.

அந்த மாணவனைச் சென்ற வாரம் அழைத்து, அன்று மேடையில் சொன்னது தவறு என்றும், கைதட்டியது என் தவறு என்றும் சொன்னேன். "அப்ப நம்ம பக்கத்து ஆளுங்க பேரு, ஹஜ்ரத்?" என்று மறுபடி அதே கேள்வியைக் கேட்டான். தேடுவோம் என்றேன். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி வந்திருக்கிறான். முதல் பக்கத்தில் அஞ்சலையம்மாளின் பெயரை எழுதி, எதிரே 1890 என்று குறித்திருக்கிறான்.

சேத்தியாத்தோப்பு, புவனகிரி, லால்பேட்டை, காட்டுமன்னார்கோயில், பரங்கிப்பேட்டை, சிதம்பரம், கடலூர் ஆகிய ஊர்களின் வாசகர்கள், தம் குடும்பத்திலோ தெருவிலோ சிறை சென்றவர், பட்டயம் பெற்றவர் எவரேனும் இருந்தால், எச்சமயத்தவராயினும், பெயரும் ஊரும் ஆண்டும் குறித்து இவ்விதழின் முகவரிக்கு எழுதுமாறு வேண்டுகிறேன். எழுதும்போது அச்செய்தியைத் தங்களுக்குச் சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார் என்பதையும் தவறாது சேர்த்து எழுதுங்கள்.