இடைக்கால நீருக்கு யார் பொறுப்பு?

அண்டை நகரங்கள் குடிநீருக்காகப் பேச உட்காரும்போது, பேச்சு பெரும்பாலும் ஆயிரம் லிட்டருக்கு என்ன விலை என்பதைச் சுற்றியே நடக்கிறது. விலை முக்கியம்தான். ஆனால், உறவு முறிந்துபோனால் புதிய ஏற்பாடு வரும்வரை குழாயில் எந்தத் தண்ணீர் வரும் என்ற கேள்வி அதைவிட முக்கியமானது. அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரத்தை, ஈயம் கலந்த குடிநீரால் நஞ்சுண்ட நகரமாக உலகம் அறியும். தவறாக முறிக்கப்பட்ட ஓர் ஒப்பந்தத்தின் கதையாகவும் அதைப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

மிஷிகன் மாநிலத்தில், டெட்ராய்ட்டுக்கு வடமேற்கே ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவில் இருக்கிறது ஃபிளின்ட். ஹியூரான் ஏரியில் எடுத்துச் சுத்திகரிக்கப்பட்ட நீரை 1967 முதல் அந்நகரம் டெட்ராய்ட்டிடம் மொத்த விலைக்கு வாங்கிவந்தது. தொலைவும் நிலத்தின் உயரமும் கட்டணக் கணக்கில் சேர்ந்ததால் ஃபிளின்ட்டுக்கான விலை அதிகம். அது தொடர்ந்து உயரவும் செய்தது. கட்டணத்தை முடிவு செய்யும் குழுவில் ஃபிளின்ட்டுக்கு இடமில்லை. மோட்டார் வாகனத் தொழில் சரிந்து, 1960-ல் இருந்த மக்கள்தொகையில் பாதியை இழந்துவிட்ட ஊருக்கு இது பெரும் சுமை.

ஒரே விற்பனையாளர், அவரை விட்டால் விற்க வேறு ஆள் இல்லாத பொருள், எளிதில் விலக முடியாத வாங்குநர்: பொருளியலில் இதை இருதரப்பு ஏகபோகம் என்போம். வகுப்பறையில் இதற்கு நிலக்கரிச் சுரங்கத்தையும் அதன் வாயிலில் எழுப்பப்பட்ட அனல் மின் நிலையத்தையும் சொல்வது வழக்கம். இன்றானால் நான் குடிநீர்க் குழாயைச் சொல்வேன். புதைத்த குழாயை வேறு ஊருக்கு எடுத்துச்செல்ல முடியாது. குடிநீர் வழங்கலின் செலவில் பெரும்பகுதி குழாய்களுக்கும் சுத்திகரிப்பு நிலையங்களுக்கும் வாங்கிய கடன்தான். ஒரு பெரிய வாங்குநர் விலகினால் அந்தச் செலவு குறையாது. மீதமுள்ளவர்கள் தலையில் ஏறும். 2013 ஜூலையில் திவால் மனு செய்த டெட்ராய்ட்டுக்கு ஃபிளின்ட்டை இழப்பது கட்டுப்படியாகாது. ஆக, இரு தரப்பிடமும் பேரம் பேசும் வலிமை இருந்தது.

அந்த வலிமையை இருவரும் வீணடித்தார்கள். ஏரியிலிருந்து தனிக் குழாய் போடுவதற்காக 2010-ல் அண்டைக் கவுண்டிகள் சில சேர்ந்து கரக்நான்டி நீர் ஆணையத்தை அமைத்தன. 2013 மார்ச்சில் ஃபிளின்ட் நகர்மன்றம் அதில் சேர 7-1 என வாக்களித்தது. மன்றத்தின் வாக்கு வெறும் சடங்குதான்; அதிகாரமெல்லாம் மாநில அரசு நியமித்த அவசரகால நிர்வாகியின் கையில் இருந்தது. அடுத்த மாதமே, ஓராண்டில் விநியோகம் முடியும் என டெட்ராய்ட் அறிவிப்புக் கொடுத்தது. புதிய குழாயோ முடிவடையப் பல ஆண்டுகள் இருந்தன.

அதுவரை ஃபிளின்ட் வழியாக டெட்ராய்ட் நீரைப் பெற்றுவந்த ஜெனசி கவுண்டியும் இதே இடைவெளியைச் சந்தித்தது. அது கூடுதல் விலை கொடுத்து, புதிய குழாய் தயாராகும்வரை டெட்ராய்ட்டிடமே வாங்கியது. ஃபிளின்ட்டுக்கும் அந்த வழி திறந்தே இருந்தது. 2014 மார்ச்சில் நகரின் நிர்வாகி அதை மறுத்துக் கடிதம் எழுதினார். ஏப்ரல் 25 அன்று, பழைய சுத்திகரிப்பு நிலையத்தின் வழியாக ஃபிளின்ட் ஆற்று நீர் வீடுகளுக்குத் திறந்துவிடப்பட்டது. டெட்ராய்ட் நீரில் சேர்க்கப்பட்டுவந்த, குழாயை அரிப்பிலிருந்து காக்கும் பாஸ்பேட் இதில் சேர்க்கப்படவில்லை.

அந்த அக்டோபரிலேயே, இயந்திர பாகங்கள் அரிக்கப்படுகின்றன என்று ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை ஆற்று நீரைக் கைவிட்டு, அருகிலுள்ள ஃபிளின்ட் டவுன்ஷிப்பிடம் நீர் வாங்கத் தொடங்கியது. டவுன்ஷிப் கொடுத்தது டெட்ராய்ட் நீர். ஆலையால் ஊர் எல்லையைத் தாண்டிப் பேரம் பேச முடிந்தது. வீடுகளில் இருந்தவர்கள் மேலும் ஓராண்டு காத்திருந்தார்கள். 2015 அக்டோபரில் நகரம் பழைய நீருக்குத் திரும்பியது. இடையில் ஈயம் குழந்தைகளின் இரத்தத்தில் ஏறியிருந்தது. அப்பகுதியில் லெஜியோனேர்ஸ் நோய்க்கு 12 பேர் பலியாகியிருந்தார்கள். பின்னர் நீதிமன்றம் ஏற்ற இழப்பீட்டுத் தொகை 62.6 கோடி டாலர்.

இன்று டெட்ராய்ட்டின் பெருங்குழாய்களை, ஆண்டுக்கு 5 கோடி டாலர் குத்தகைக்கு 40 ஆண்டுகளுக்குப் பெற்று, பேரேரிகள் நீர் ஆணையம் 2016 முதல் நடத்துகிறது. அதன் குழுவில் 6 பேர்: டெட்ராய்ட்டுக்கு 2, மூன்று கவுண்டிகளுக்குத் தலா 1, எஞ்சிய ஊர்களுக்காக ஆளுநர் நியமிப்பவர் 1. கட்டணம் போன்ற பெரிய முடிவுகளுக்கு 5 வாக்குகள் தேவை. டெட்ராய்ட் தனியாக விலையேற்ற முடியாது என்பது நல்ல ஏற்பாடு. ஃபிளின்ட்டுக்குத் தனி நாற்காலி இன்னும் இல்லை என்பது குறை. 2017-ல் ஃபிளின்ட் அதனுடன் 30 ஆண்டு ஒப்பந்தம் செய்தது. தான் குடிக்காத கரக்நான்டி குழாயின் கடன் பங்கு, ஆண்டுக்கு ஏறத்தாழ 70 லட்சம் டாலர், ஃபிளின்ட் பெயரிலேயே நிற்கிறது. அந்நகரின் நீர் உரிமையைப் பெற்றுக்கொண்டு, ஈடான தொகையைக் கட்டணத்தில் கழித்துத் தருகிறது புதிய ஆணையம்.

தமிழ்நாட்டின் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களில் ஒரே குழாயில் நகராட்சிகளும் பேரூராட்சிகளும் ஊராட்சிகளும் வரிசையாகத் தொங்குகின்றன. குடிநீர் வடிகால் வாரியம் கொடுக்கிறது, உள்ளாட்சி பணம் கட்டுகிறது. உள்ளாட்சிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான மேடை நடைமுறையில் இல்லை. பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சிகளே 2025 ஜனவரியில் தனி அலுவலர்களின் கைக்குப் போயின. அரசமைப்பின் 243இசட்டி பிரிவு, ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் இடையே நீரைப் பங்கிடுவதை மாவட்டத் திட்டக் குழுவின் வேலைகளில் ஒன்றாகப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. வறண்ட மாதத்தில் யாருக்கு எந்த விகிதத்தில் குறைப்பது, மாற்று நீரின் தரத்தை வீடுகளுக்குத் திறக்கும் முன் யார் சோதிப்பது, அந்தச் செலவு யாருடையது என்பவற்றை அக்குழு தன் வரைவுத் திட்டத்தில் எழுதிவைக்கப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.